ஆயர் தாவார் வெயில் எஞ்சினுக்குக் குளிர்

ஈப்போவிலிருந்து லுமுட் போகும் சாலையில், போத்தாவைக் கடந்து சித்தியவானை எட்டும் முன் வருகிற ஊர் ஆயர் தாவார். ஒரு காலத்தில் சுற்றிலும் பால்மரக் காடு. இன்று கண்ணுக்கு எட்டிய வரை செம்பனை. அன்று தோட்டத்து லோரி பாலையும் ஆட்களையும் ஏற்றிச் சென்றது. இன்று அதே செம்மண் பாதையில் செம்பனைக் குலைகளைக் குவித்துக்கொண்டு ஆலைக்கு ஓடுகிறது. தோட்டங்கள் கைமாறி, மரங்கள் மாறி, லயங்கள் காலியானபோது எத்தனையோ குடும்பங்களில் பிள்ளைகள் பிடித்துக்கொண்ட தொழில் லோரி ஓட்டுவதுதான். எனவே இந்த வட்டாரத்தில் டீசல் எஞ்சினைப் பற்றிப் பேசுவது பலருக்குச் சோற்றுப் பிரச்சினையைப் பேசுவது.

இங்கே சாலையோரப் பட்டறைகளில் ஒரு வாசகத்தை அடிக்கடி கேட்கலாம்.

“எஞ்சின் சூடாவுதாண்ணே? தெர்மோஸ்டாட்டக் கழட்டிப் போட்டுடுறேன். வெள்ளக்காரன் நாட்டுக்குத்தான் அதெல்லாம். நம்ம ஊரு வெயிலுக்கு எதுக்கு?”

கேட்பவருக்கும் நியாயமாகத்தான் படும். நண்பகலில் 33 பாகை வெயில், காற்றில் ஈரம் வேறு. இதில் எஞ்சினை எவ்வளவு குளிரவைத்தாலும் நல்லதுதானே என்று தோன்றும். அந்த எண்ணம் தவறு. அது ஏன் தவறு என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்ல வருகிறேன்.

33 பாகை நமக்குத்தான் வெயில். பெரும்பாலான டீசல் லோரிகளின் குளிர்நீர் 80 முதல் 95 பாகைக்குள் இருக்கும்போதுதான் எஞ்சின் தன் இயல்பில் இருக்கிறது. அதன் கணக்கில், ஆயர் தாவாரின் உச்சிவெயில் இயல்பு நிலையிலிருந்து ஏறத்தாழ 50 பாகை கீழே கிடக்கிற குளிர்.

அளவான சூடு என்பது தோட்டத்து மக்களுக்குப் புதிய செய்தி அல்ல. ரப்பர் ஷீட் உலர்த்திய புகைக்கூடத்தை நினைத்துப் பாருங்கள். உள்ளே வெப்பம் 60 பாகையைத் தாண்டினால் ஷீட்டில் கொப்புளம் எழும்பும். மிகவும் குறைந்தால் ஈரம் போகாமல் பூஞ்சை பிடிக்கும். இரண்டிலும் தரம் இறங்கும், விலை இறங்கும். இரவெல்லாம் விறகைத் தள்ளியும் இழுத்தும் அந்த அளவைக் காத்த கைகள் நம்முடையவை. எஞ்சினுக்குள் அந்த வேலையைச் செய்கிற சின்னக் கருவிதான் தெர்மோஸ்டாட்.

டீசல் எஞ்சினில் பற்றவைக்கும் பொறி கிடையாது. பிஸ்டன் மேலேறி, உள்ளே இழுத்த காற்றை ஏறத்தாழ பதினேழில் ஒரு பங்காக நெருக்குகிறது. நெருக்கப்பட்ட காற்று 500, 600 பாகைக்கும் மேல் கொதிக்கிறது. அதில் டீசலைப் பனித்துளியாய்ப் பீச்சினால், தானாகவே பற்றிக்கொள்ளும். ஆக டீசலுக்குத் தீக்குச்சியே வெப்பம்தான். சிலிண்டர்ச் சுவர் குளிர்ந்திருந்தால், நெருக்கப்படும் காற்றின் வெப்பத்தை அந்தச் சுவரே உறிஞ்சிக்கொள்ளும். தீ பிடிக்கத் தாமதமாகும். அந்தத் தாமதத்தில் சேர்ந்துவிட்ட டீசல் ஒரே மொத்தமாய் வெடிக்கும்போது எழும் ஓசைதான் காலையில் எஞ்சினை முடுக்கியதும் கேட்கிற ‘கடகட’. எரியாமல் தப்பிய துளிகள் வெண்புகையாய் வெளியே வரும். கண்ணை எரிக்கிற அந்தப் புகையில் போவது நீங்கள் காசு கொடுத்து ஊற்றிய டீசல்.

தப்பிய துளி எல்லாம் புகையாய்ப் போய்விடுவதும் இல்லை. ஒரு பங்கு சிலிண்டர்ச் சுவரில் ஒட்டி, பிஸ்டன் வளையங்களைத் தாண்டி, கீழே எஞ்சின் எண்ணெயோடு கலக்கிறது. இந்த இடத்தில் நம் நாட்டுக்கே உரிய ஒரு விஷயம் உண்டு. 2019 முதல் மலேசியாவில் வாகன டீசலில் பத்து விழுக்காடு செம்பனை எண்ணெயிலிருந்து செய்த பயோடீசல். ஆயர் தாவார் லோரி ஏற்றிப்போன குலையின் எண்ணெய் ஒரு சுற்று சுற்றி அதே லோரியின் டாங்கிக்கே திரும்பி வரலாம். நல்ல எரிபொருள்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது சாதாரண டீசலைவிட உயர்ந்த வெப்பத்தில்தான் ஆவியாகும். எஞ்சின் எண்ணெயில் கலந்த சாதாரண டீசலில் ஒரு பகுதி, எஞ்சின் நன்றாகச் சூடேறியதும் ஆவியாகி வெளியேறிவிடும். பயோடீசல் அவ்வளவு எளிதில் போகாது, தங்கிவிடும். எண்ணெய் நீர்த்துப் போகும். குளிர்ந்த எஞ்சினோடு ஓடுவது நமக்கு இரட்டைக் கேடு என்பது இதனால்தான்.

அடுத்தது பொருத்தம். பிஸ்டன் பெரும்பாலும் அலுமினியக் கலவை, சிலிண்டர் வார்ப்பிரும்பு. சூட்டில் அலுமினியம் இரும்பைப் போல் இரண்டு மடங்கு விரியும். 110 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டன் 150 பாகை சூடேறினால் 0.36 மில்லிமீட்டர் பெருக்கும். நீர் சூழ்ந்த சிலிண்டர் 70 பாகைதான் ஏறுகிறது என்று கொண்டால், அதன் விரிவு 0.09 மில்லிமீட்டரைக்கூடத் தொடாது. எனவே எஞ்சினை வடிவமைப்பவர்கள் பிஸ்டனைத் தெரிந்தே சற்றுச் சிறியதாகச் செய்கிறார்கள். வேலைச் சூட்டில் வளர்ந்து வந்து அளவாய்ப் பொருந்தட்டும் என்பது கணக்கு. தெர்மோஸ்டாட்டைக் கழற்றிய எஞ்சினில் அந்தப் பிஸ்டன் சரியான அளவை எட்டுவதே இல்லை. தொளதொளவென்று இரண்டு பக்கமும் தட்டிக்கொண்டே ஓடுகிறது.

எஞ்சின் எண்ணெயும் அப்படியே. நம் லோரிகளில் பலவற்றுக்கு ஊற்றும் 15டபிள்யூ-40 வகை எண்ணெய், 40 பாகையில் இருப்பதைவிட 100 பாகையில் ஏழெட்டு மடங்கு இளகியிருக்கும். எண்ணெய்ப் பம்பும் பேரிங்கும் அந்த இளகலுக்காகவே அளவிடப்பட்டவை. 50, 60 பாகையிலேயே ஓடும் எஞ்சின், தன் ஆற்றலில் ஒரு பங்கைக் கெட்டி எண்ணெயைக் கலக்குவதற்கே செலவழிக்கிறது. மேட்டில் லோரி மந்தமாவதற்கும் டீசல் கூடுதலாகக் குடிப்பதற்கும் இதுவும் ஒரு காரணம். எண்ணெய் போதிய சூடு பெறாவிட்டால் அதில் சேரும் நீர் ஆவியாகாது. டீசலில் இருக்கும் கந்தகம் எரிந்து, குளிர்ந்த சிலிண்டர்ச் சுவரில் நீரோடு கூடி அமிலமாகி இரும்பை அரிக்கும். 2021 ஏப்ரல் முதல் யூரோ 5 டீசல் வந்ததில் கந்தகம் பத்து லட்சத்தில் பத்துப் பங்காகக் குறைந்துவிட்டது, அது நல்லது. அதற்கு முன் பரவலாக விற்ற டீசலில் 500 பங்கு வரை இருக்கலாம் என்று விதி. அந்தக் காலத்தில் தெர்மோஸ்டாட் இல்லாமல் ஓடிய எஞ்சின்கள் எப்படி அரிபட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, தெர்மோஸ்டாட் என்னதான் செய்கிறது? ஒரு சிறிய பித்தளைக் குப்பிக்குள் மெழுகு. அவ்வளவுதான். குறிப்பிட்ட வெப்பத்தில் மெழுகு உருகி விரிந்து ஓர் ஊசியைத் தள்ளும், அடைப்பிதழ் திறக்கும். மின்சாரம் வேண்டாம், கணினி வேண்டாம். ஜப்பானிய லோரியிலிருந்து கழற்றிய தெர்மோஸ்டாட்டைத் திருப்பிப் பார்த்தால் 76.5 அல்லது 82 என்று ஓர் எண் பொறித்திருக்கும். திறக்கத் தொடங்கும் வெப்பம் அது. அதுவரை நீர் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும், விரைவில் சூடேறும். அதன் பிறகு ரேடியேட்டர் பக்கம் வழி கொஞ்சம் கொஞ்சமாய்த் திறக்கும். இறக்கத்தில் எரிபொருள் நின்று எஞ்சின் குளிரத் தொடங்கினால் மறுபடி மூடிக்கொள்ளும். நாள் முழுக்க இப்படி ஒரு மயிரிழை அளவில் திறந்தும் மூடியும் காவல் காக்கிறது.

கழற்றினால் சூடு குறைகிறதே, கண்ணால் பார்க்கிறோமே என்பார்கள். உண்மை. போத்தா வழியாகச் சமதரையில் ஈப்போ போகும்வரை மீட்டர் முள் கால்வாசிக்கு மேல் எழும்பாது. ஓட்டுநர் மனம் குளிர்ந்துவிடும். ஆனால் சூடேறியதற்குக் காரணம் தெர்மோஸ்டாட்டாக இருந்தால்தான் அது தீர்வு. பழுதாகி மூடியபடியே மாட்டிக்கொண்ட தெர்மோஸ்டாட் எஞ்சினைக் கொதிக்கவைக்கும், மறுக்கவில்லை. அதற்கு மருந்து புதிய தெர்மோஸ்டாட். பல நேரங்களில் உண்மைக் குற்றவாளி பாதி அடைத்துப்போன ரேடியேட்டர். முழுதும் திறந்த தெர்மோஸ்டாட் நீரோட்டத்தைப் பெரிதாகத் தடுப்பதில்லை. எனவே அதைக் கழற்றியதால் ரேடியேட்டரின் திறன் ஓர் அணுவும் கூடிவிடாது. மேடு வந்ததும் பழைய கதை திரும்பும்.

இன்னொரு சிக்கலைப் பலர் அறிவதில்லை. பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் இரண்டு கதவு கொண்டது. மேல் கதவு ரேடியேட்டருக்கு வழி திறக்கும்போதே, கீழ்க் கதவு எஞ்சினுக்குள் சுற்றும் குறுக்கு வழியை அடைக்கும். கழற்றிப் போட்டால் அந்தக் குறுக்கு வழி எப்போதும் திறந்தே கிடக்கும். கொதிநீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் மறுபடி எஞ்சினுக்குள் நுழையும். அப்படிப்பட்ட எஞ்சின், தெர்மோஸ்டாட் இல்லாததாலேயே மேட்டில் கொதிக்கும். சமதரையில் குளிர்ந்து தேயும், மலையில் கொதித்து வெடிக்கும். இரண்டு பக்கமும் அடி.

அந்த மேடு எது என்று நம் ஓட்டுநர்களிடம் கேட்க வேண்டியதே இல்லை. ஈப்போ ஜெலாப்பாங்கிலிருந்து கோலகங்சார் நோக்கி ஏறும் நெடுஞ்சாலை, மெனோரா சுரங்கப்பாதைக்குப் போகும் அந்த ஏற்றம். பாரம் ஏற்றிய லோரிகள் இடது ஓரத்தில் நத்தையாய் ஊர்வதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். அந்த நேரத்தில் எஞ்சினுக்குள் நடப்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பெரிய லோரி அந்த ஏற்றத்தில் மணிக்கு 40 லிட்டர் என்ற வேகத்தில் டீசலைக் குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் டீசலில் 36 மெகாஜூல் ஆற்றல். மொத்தம் 400 கிலோவாட். அதில் 160 கிலோவாட் அளவு சக்கரத்துக்கான உழைப்பாக மாறினால் அது நல்ல எஞ்சின். மிச்சத்தில் பெரும்பகுதி புகைக்குழாய் வழியே போகும். ஏறத்தாழ 100 கிலோவாட் குளிர்நீரில் இறங்கும். நம் வீட்டு மின்கெண்டி ஒன்று 2 கிலோவாட். ஆக, எஞ்சின் மூடிக்குக் கீழே ஐம்பது கெண்டிகள் ஒரே நேரத்தில் நிறுத்தாமல் கொதித்துக்கொண்டிருக்கின்றன.

இந்தப் பெருவெப்பத்தை நீர் எப்படிச் சுமக்கிறது என்பது எனக்கு எப்போதும் வியப்பு. நொடிக்கு 4 லிட்டர் நீர் ஓடினால் போதும். உள்ளே போன நீரைவிட வெளியே வரும் நீர் வெறும் 6 பாகைதான் கூடுதல் சூட்டில் இருக்கும். வெப்பத்தைச் சுமப்பதில் நீருக்கு ஈடான எளிய திரவம் கிடையாது. ஆனால் ஓட்டம் பாதியாகக் குறைந்தால் அந்த 6 பாகை 12 ஆகும். சிலிண்டர்த் தலையின் ஒடுங்கிய வழிகளில் நீர் ஆவியாகிக் குமிழியிடும். ஆவி நீரளவுக்கு வெப்பத்தைச் சுமக்காது. அந்த இடத்து உலோகம் விரிந்து கோணும், கேஸ்கெட் கருகும், எண்ணெயில் நீர் கலந்து பால்கோப்பி நிறமாகும். பிறகு செலவு ஆயிரக்கணக்கான வெள்ளியில்தான்.

குளிர்விப்பதற்கு இவ்வளவு பாடு ஏன், குளிர்விக்கவே வேண்டாமே என்று ருடால்ஃப் டீசலே நினைத்தார். 1893இல் தன் எஞ்சினைப் பற்றி நூல் எழுதியபோது, தனியாக நீர் கொண்டு குளிர்விக்கத் தேவைப்படாத எஞ்சின்தான் அவர் கனவு. வெப்பத்தை வீணாக்காமல் அதில் பெரும்பகுதியை உழைப்பாக்கிவிடலாம் என்று கணக்கிட்டார். உலோகம் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் 26.2 விழுக்காடு திறனோடு உலகை வியக்கவைத்த அவருடைய எஞ்சின் நீர்ச்சட்டை போட்டுக்கொண்டுதான் ஓடியது. 1980களின் தொடக்கத்தில் கம்மின்ஸ் நிறுவனமும் அமெரிக்க ராணுவமும் மறுபடி முயன்றன. பீங்கான் பூச்சிட்ட உறுப்புகளோடு, ரேடியேட்டரே இல்லாத எஞ்சினை ஒரு 5 டன் ராணுவ டிரக்கில் பொருத்தி ஓட்டிக் காட்டினார்கள். ஓடியது. ஆனால் சேமித்த வெப்பத்தில் பெரும்பகுதி உழைப்பாக மாறாமல் புகையோடு வெளியேறியது. அந்தச் சூட்டைத் தாங்கும் எண்ணெய்க்குத் திண்டாட்டம். அந்த எஞ்சின் சந்தைக்கு வரவில்லை.

எனவே நீர்தான். ஆயர் தாவார் என்ற பெயருக்கே மலாயில் நன்னீர், உப்பில்லாத நீர் என்று பொருள். ஆனால் எஞ்சினுக்கு எந்த நன்னீரும் தனியே போதாது. வழியில் லோரி கொதித்தால் ஓடையிலோ, ஈயக்குட்டையிலோ, சாப்பாட்டுக் கடைக் குழாயிலோ பிடித்த நீரை ஊற்றிக்கொண்டு போகிறோம். அவசரத்துக்குப் பாவமில்லை. அதையே நிரந்தரமாக வைத்துக்கொள்வதுதான் தப்பு. கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக் குன்றுகளுக்கு அடியில் ஊறிவரும் நீரில் சுண்ணாம்பு கரைந்திருக்கிறது. சீனி சூட்டில் கூடுதலாகக் கரையும். சுண்ணாம்போ நேர்மாறு, சூடேறினால் படியும். அதுவும் எங்கே சூடு அதிகமோ அங்கேயே போய் ஒட்டும். வெப்பத்தைக் கடத்துவதில் வார்ப்பிரும்பின் பத்தில் ஒரு பங்குத் திறன்கூட அந்தப் படிவுக்குக் கிடையாது. சிலிண்டரைச் சுற்றி ஒரு மெல்லிய படலம் சுண்ணாம்பு படிந்தாலே எஞ்சினுக்குக் கம்பளி போர்த்தியதுபோல் ஆகிவிடும். வெளியே மீட்டர் சரியான சூட்டைக் காட்டும், உள்ளே உலோகம் வெந்துகொண்டிருக்கும்.

கூலண்ட் வேண்டியது இதற்காகத்தான். நம் நாட்டில் நீர் உறையாது, உண்மை. அதற்காகக் கூலண்ட் பனிநாட்டுப் பண்டம் என்று தள்ளிவிடக் கூடாது. அதில் கலந்திருக்கும் அரிப்புத் தடுப்பு மருந்துகளே நமக்கு முக்கியம். டீசல் சிலிண்டர் ஒவ்வொரு வெடிப்புக்கும் மணி அடித்ததுபோல் அதிர்கிறது. அதிர்வில் சுவரையொட்டிய நீரில் நுண்ணிய குமிழிகள் தோன்றித் தோன்றி உடைகின்றன. உடையும் ஒவ்வொரு குமிழியும் ஓர் ஊசிக் குத்து. லட்சக்கணக்கான குத்துகளில் இரும்புச் சுவரில் துளை விழுந்து, நீர் எஞ்சின் எண்ணெயில் இறங்கிவிடும். கூலண்டில் உள்ள மருந்து சுவரின் மேல் ஒரு மெல்லிய படலமாய்ப் படர்ந்து அந்தக் குத்தைத் தாங்கிக்கொள்கிறது.

ரேடியேட்டர் மூடியும் வெறும் மூடி இல்லை. செம்பனை ஆலையில் குலைகளை அவிக்கும் பெரிய கொப்பரையில் நீராவியை அழுத்தத்தில் அடைப்பார்கள். அதனால்தான் அங்கே வெப்பம் 100 பாகையைத் தாண்டி 140 வரை போகிறது. ரேடியேட்டர் மூடியின் வேலையும் அதே தத்துவம். வெளிக்காற்றைவிட ஒரு மடங்கு கூடுதல் அழுத்தத்தில் அடைத்துவைத்தால் நீர் 120 பாகை வரை கொதிக்காது. ரப்பர் வளையம் தேய்ந்து அழுத்தம் கசிந்தால் 100 பாகையிலேயே கொதித்துவிடும். கேமரன் மலைக்குக் காய்கறி ஏற்றப் போகிற லோரிக்கு 95 பாகையே போதும். 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைந்து, நீர் அங்கே சீக்கிரம் கொதிக்கும். சில வெள்ளி பெறுமான மூடி கெட்டதால் பல ஆயிரம் வெள்ளி எஞ்சின் போகிறது.

மூடியைச் சூட்டோடு திறக்காதீர்கள் என்று சொன்னால் எல்லாரும் தலையாட்டுவார்கள். எண்ணைச் சொன்னால் மறக்கமாட்டார்கள். 110 பாகையில் இருக்கும் 30 லிட்டர் நீரின் அழுத்தத்தைத் திடீரென்று விடுவித்தால், அரைக் கிலோ நீர் அந்தக் கணமே ஆவியாகும். அந்த அரைக் கிலோ, ஏறக்குறைய 900 லிட்டர் நீராவி. அது உங்கள் முகத்துக்கு நேரே திறந்த வழியில் வெளியே வருகிறது.

காற்றுக்கும் கணக்கு உண்டு. டர்போ நெருக்கிய காற்று 150 பாகைச் சூட்டில் வருகிறது. இன்டர்கூலர் அதை 50 பாகைக்கு இறக்கினால் அதே இடத்தில் 30 விழுக்காடு கூடுதல் காற்று அடங்கும். எஞ்சின் உடலுக்குச் சூடு வேண்டும், அது மூச்சிழுக்கும் காற்றுக்குக் குளிர்ச்சி வேண்டும். தோட்டத்துச் செம்மண் தூசியும் செம்பனை நாரும் பூச்சிகளும் இன்டர்கூலர், ரேடியேட்டர் இடுக்குகளில் அப்பிக்கொண்டால் இரண்டுமே கெடும். புகை கறுக்கும், இழுவை போகும். வாரத்துக்கு ஒருமுறை எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, மெல்லிய அழுத்தத்தில் நீரடித்துக் கழுவுவதைப் போன்ற மலிவான வைத்தியம் வேறில்லை.

குலை மிகுந்த மாதங்களில் ஆலை வாசலில் லோரி வரிசை நீளும். ஏர்கான் ஓடட்டும் என்று எஞ்சினை அணைக்காமல் மணிக்கணக்கில் காத்திருக்கிறோம். சும்மா ஓடும் எஞ்சினில் எரிவது மிகக் குறைவு, எனவே சூடும் நிற்காது. மேலே சொன்ன வெண்புகை, எண்ணெய் நீர்த்தல், கரி படிதல் எல்லாம் அந்த வரிசையிலேயே தொடங்கிவிடுகின்றன. புகை வடிகட்டி பொருத்திய புதிய லோரிகளுக்கு இது இன்னும் கடுமை. வடிகட்டியில் சேர்ந்த கரியை எரித்துச் சுத்தம் செய்ய 600 பாகைக்கு நெருங்கிய புகைச்சூடு வேண்டும். எஞ்சின் தன் அளவான சூட்டை எட்டாதவரை கணினி அந்த வேலையைத் தொடங்கவே விடாது. தெர்மோஸ்டாட் இல்லாத புதிய லோரி வடிகட்டி அடைத்து நடுவழியில் நிற்பது இப்படித்தான்.

லோரி வைத்திருக்கும் அண்ணன்மார்களுக்கு ஒன்று சொல்வேன். அடுத்த முறை போர்மன் தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால், அதை வீசிவிட வேண்டாம் என்று சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு சட்டியில் நீர் ஊற்றி, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி அடியில் படாமல் தொங்கவிட்டு, வெப்பமானியோடு அடுப்பில் வையுங்கள். பொறித்த எண்ணை ஒட்டித் திறக்கத் தொடங்கி, அதற்குமேல் பத்துப் பதினைந்து பாகைக்குள் முழுதும் திறந்து, ஆறினால் மூடிக்கொண்டால் அது நல்ல தெர்மோஸ்டாட். திருப்பி மாட்டச் சொல்லிவிட்டு ரேடியேட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். திறக்காவிட்டால், அதே எண் பொறித்த புதியதை வாங்கி மாட்டுங்கள்.